பிளாக்அவுட் என்றால் மயக்கம் இல்லை

அண்ணே, "குடித்து பிளாக்அவுட் ஆனவன் மயங்கிக் கிடப்பான், அவன் எதுவும் செய்திருக்க முடியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது தப்பு. மயங்கி விழுவது வேறு, பிளாக்அவுட் வேறு. பிளாக்அவுட்டில் ஆள் விழித்துத்தான் இருப்பார். பேசுவார், சிரிப்பார், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடையில் ரொட்டி சானாய் சொல்லிக் காசும் கொடுப்பார். காரைக்கூட எடுத்துவிடுவார், அதுதான் ஆபத்து. இரத்தத்தில் மது மளமளவென்று ஏறும்போது மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதி புது நினைவுகளைப் பதியாமல் விட்டுவிடுகிறது. மறுநாள் எவ்வளவு யோசித்தாலும் வராது, பதிந்திருந்தால்தானே வரும்!

குழப்பம் வருவது இயல்புதான். நம் ஊரில் ஃபிளாட்டில் நாலு வீட்டுக்குக் கரண்டு போனாலே பிளாக்அவுட் என்கிறோம். 1996 ஆகஸ்ட் 3 அன்று தீபகற்ப மலேசியா முழுக்கக் கரண்டு போய் இருண்டதே, அதற்கும் இதே சொல்தான்.

அப்புறம், போர்க்கால பிளாக்அவுட்டில் கரண்டையே நிறுத்தினார்கள் என்று நீங்கள் எழுதியிருப்பதும் சரியில்லை. 1939-ல் பிரிட்டனில் தெருவிளக்குகளை அணைத்தார்கள், வீட்டு ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டினார்கள். உள்ளே விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. குண்டு போட வரும் விமானத்துக்கு அது தெரியக்கூடாது, அவ்வளவுதான்.