மூன்று பெண்களைப் பெற்றவருக்கு ‘வாரிசு இல்லை’

பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வமான சாஸ்தாவின் கோவிலில் கூடுவது திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. வருடம் முழுவதும் பூட்டிக் கிடக்கும் கோவிலில் அன்று ஒரு நாள் கால் வைக்க இடம் இருக்காது. எங்கள் சாஸ்தா இருப்பது தேரிக்காட்டை ஒட்டி. சுடுகிற செம்மணலில் ஓடிப் பனை நிழலுக்குப் போய், பொங்கல் பானைகளுக்கு நடுவே நின்று “நீ யார் மகள்?” என்று கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி முடிப்பதற்குள் உச்சிப் பூசைக்கு மணி அடித்துவிடும். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும். வேறு எங்கும் என்னிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

இந்த ஆண்டு புதிதாக ஒன்று செய்திருந்தார்கள். பந்தலில் பதினைந்து அடி நீளத்துக்கு வம்சாவளிப் பதாகை. ஏழு தலைமுறை. இரண்டு வருடம் அலைந்து தொகுத்திருக்கிறார் உறவுக்காரத் தம்பி ஒருவர். பழைய கிரையப் பத்திரங்களைப் புரட்டி, ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிய உழைப்பு அது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. எல்லாரையும் போல நானும் கூட்டத்தில் நுழைந்து என் அப்பாவின் பெயரைத் தேடினேன். இருந்தது. தாத்தாவின் பெயர் இருந்தது. தாத்தாவின் அண்ணன் பெயரும் பக்கத்திலேயே இருந்தது. அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் இரண்டு சொற்கள்: வாரிசு இல்லை.

அந்த மனிதருக்கு மூன்று பெண்கள்.

மூத்த பெண்ணின் மகள்தான் என் அம்மா. எங்கள் பக்கத்தில் அக்காள் மகளைக் கட்டுவது வழக்கம் என்பதால் என் அப்பா தன் பெரியப்பா மகளின் மகளை மணந்தார். என்னைப் பெற்றவளைப் பெற்றவள் என் அப்பாவுக்கு அக்காள் முறை. ஆக, அந்தப் பதாகையில் இரண்டு வழியாகவும் நான் இருக்கிறேன். அப்பா வழியில் வந்தால் வம்சம், அம்மா வழியில் வந்தால் ‘இல்லை’.

என் அத்தைக்கு 86 வயது. ஏழு தலைமுறைப் பெயர்களில் பாதிக்கு மேல் அவர் வாயிலிருந்து வந்தவை. நாற்காலியைப் பதாகைக்கு அருகே இழுத்துப் போடச் சொல்லி, விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டுக்கொண்டே வந்தார். பெரியப்பா பெயருக்கு வந்ததும் விரல் நின்றது. “மூன்று பெண்பிள்ளைகள் என்று சொன்னேனே, பெயரும் சொன்னேனே. அவன் எழுதிக்கொண்ட மாதிரிதானே இருந்தது” என்றார். தன் பெயரும் அதில் இல்லை என்பதை அவர் சொல்லவே இல்லை. அண்ணன் தம்பிகள் நான்கு பேரும் வரிசையாக இருக்கிறார்கள்.

தம்பியிடம் கேட்டேன். “பெண்களைச் சேர்த்தால் அவர்கள் வேறு சாஸ்தாவுக்குப் போய்விடுகிறார்களே அக்கா, எங்கே நிறுத்துவது?” என்றார். கபடமில்லாத பதில்தான். கல்யாணமானால் பெண்ணுக்குச் சாமியே மாறிவிடுகிறது. ஆனால் சாமி மாறினால் பெற்ற தகப்பன் மாறிவிடுவானா? நான் கேட்பது இதை மட்டும்தான்.

இந்த இரண்டு சொற்களையும் அந்தத் தம்பி கண்டுபிடிக்கவில்லை. அவை சொத்திலிருந்து வந்தவை. தாத்தாவின் அண்ணன் தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக்குப் போய் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். அவர் அனுப்பிய பணத்தில்தான் எங்கள் குடும்பம் முதன்முதலாக நஞ்சை வாங்கியது. 1934-இல் அவர் இறந்தபோது, அது கூட்டுக்குடும்பச் சொத்து என்ற கணக்கில் தம்பிக்கு, அதாவது என் தாத்தாவுக்கு, வந்து சேர்ந்தது. அன்றைய சட்டப்படி ஆண் பிள்ளை இல்லாதவரின் பங்கு உடன்பிறந்தவனுக்கு. விதவைக்கு ஜீவனாம்சம். பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணச் செலவு. ‘வாரிசு இல்லை’ என்று எழுதினால்தான் நிலம் இந்தப் பக்கம் வரும். அந்த நெல்லைத் தின்று வளர்ந்தவள் நான். அதனால்தான் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சட்டம் பிறகு மெல்ல மெல்ல நகர்ந்தது. 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளையும் முதல் நிலை வாரிசாக ஏற்றது. கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்பால் பங்கு என்பதைத் தமிழ்நாடு 1989-இல் கொடுத்தது, அதுவும் அதற்கு முன்பே கல்யாணமானவர்களை விட்டுவிட்டு. நாடு முழுவதற்கும் 2005-இல் வந்தது. அப்பா அப்போது உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற வழக்கு 2020-இல்தான் உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்தது, தேவையில்லை என்று. இத்தனைக்கும் பிறகு நாம் அச்சடிக்கும் பதாகையில் 1934 அப்படியே நிற்கிறது. நிலத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. பெயரைக் கேட்கிறோம்.

தமிழ் நம்மைவிட நியாயமாக இருக்கிறது. பாட்டனுக்குப் பாட்டி, பூட்டனுக்குப் பூட்டி, ஓட்டனுக்கு ஓட்டி என்று எவ்வளவு மேலே போனாலும் அது பெண்ணுக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறது. ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் விடும்போது சொல்ல வேண்டிய பன்னிரண்டு பெயர்களில் ஆறு பெண்களுடையவை. அம்மாவைப் பெற்றவர்களின் வழியும் அதில் உண்டு. பேரன் என்ற சொல்லே பெயரன்தான், பாட்டன் பெயரைத் தாங்குகிறவன். அந்தக் கொழும்புத் தாத்தாவின் பெயர் யாருக்கு வைக்கப்பட்டது தெரியுமா? என் தாய்மாமனுக்கு. மகள் வயிற்றுப் பேரன். வாரிசு இல்லாதவரின் பெயரைச் சொல்லி எழுபது வருடம் ஒரு மனிதரை ஊரே கூப்பிட்டிருக்கிறது.

திருவிழா முடிந்து வந்ததிலிருந்து நான் வேறொரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பெண்களைத் தேடுவது கடினம் என்பது உண்மைதான். பத்திரங்களில் ஆணுக்குத் தகப்பன் பெயர் தப்பாமல் இருக்கும். பெண் ‘இன்னார் பாரியாள்’ என்று வந்து போவாள். ஆனாலும் வழி இருக்கிறது. மஞ்சள்காணியாக, அதாவது மகளுக்குச் சீதனமாக, கொடுத்த நிலத்தின் பத்திரத்தில் அவள் பெயரும் பிறந்த வீடும் சேர்ந்தே இருக்கும். பழைய கல்யாணப் பத்திரிகைகளில் ‘இன்னார் பௌத்திரியும் இன்னார் புத்திரியுமான’ என்று மூன்று தலைமுறை ஒரே வரியில் கிடைக்கும். எல்லாவற்றையும் விட எனக்கு உதவியது மொய் நோட்டு. எங்கள் பக்கத்தில் முதல் மொய் தாய்மாமனுடையது. பெண்ணின் கல்யாண மொய் நோட்டில் முதல் வரியைப் பார்த்தால் அவளைப் பெற்றவள் எந்த ஊரிலிருந்து வந்தாள் என்று தெரிந்துவிடும். முதல் வரி ஒரு ஆணின் பெயர்தான். ஆனால் அவர் அந்த இடத்தில் இருப்பது ஒரு பெண்ணின் அண்ணனாகவோ தம்பியாகவோ பிறந்ததால்.

மூன்றாவது பெண்ணின் பேரன் கோவில்பட்டியில் இருக்கிறார். அவர் எங்கள் சாஸ்தாவுக்கு வந்ததே இல்லை, யாரும் அழைத்ததில்லை. தொலைபேசியில் நான் முறை சொன்னதும் சிறிது நேரம் அவரிடமிருந்து பேச்சே இல்லை. பிறகு, “எங்கள் அம்மா சாகும்வரை அந்தக் கோவிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்” என்றார். மறுவாரம் போனேன். பரணில் இருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினார். உள்ளே என் ஆச்சியின், அதாவது அந்த மூத்த பெண்ணின், கல்யாண மொய் நோட்டு, 1938. ஓரமெல்லாம் செல்லரித்து, தொட்டால் உதிரும் தாள். எட்டணா, நான்கணா எல்லாம் தமிழ் எண்களில். முதல் வரியில் பெண்ணின் தாய்மாமன், ஊர் ஏரல், ஐந்து ரூபாய். அந்தக் காலத்தில் ஐந்து ரூபாய்! தகப்பன் இல்லாத பெண்ணுக்கு மாமன் செய்த மொய்.

அந்த ஊர்ப் பெயரைப் பார்த்த பிறகுதான் அத்தை சொன்ன ஒன்று எனக்கு விளங்கியது. கொழும்புத் தாத்தாவின் மனைவியான என் பூட்டியின் பெயரைக் கேட்டபோது அத்தை “ஏரலாள்” என்றார். பெயர் என்ன என்று மறுபடி கேட்டேன். “ஏரலாள்தான். எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்” என்றார். இருபத்தைந்து பேர் பெயரைத் தடுமாறாமல் சொல்லக்கூடிய ஒருவருக்கு அவள் பெயர் தெரியவில்லை. கட்டிக்கொடுத்து வந்த நாளிலிருந்து ஊர்ப் பெயரே அவளுக்குப் பெயராகிவிட்டது. கணவன் போனபின் ஜீவனாம்சத்தில் இருந்துகொண்டு மூன்று பெண்களைக் கரையேற்றியவள்.

அடுத்த பங்குனி உத்திரத்துக்குப் பதாகையைத் திருத்தி அடிக்கலாம் என்று தம்பி சம்மதித்திருக்கிறார். பெயர்களை எல்லாம் இங்கே பொதுவில் எழுதவில்லை, அவை குடும்ப நோட்டில் இருக்கின்றன. மூன்று பெண்கள், அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று இதுவரை நாற்பத்தொரு பேர் சேர்ந்திருக்கிறார்கள். கோவில்பட்டிக்காரர் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அத்தை இருக்கும்போதே வரவேண்டும் என்று அவரிடம் கேட்டிருக்கிறேன்.

ஒரு இடம் மட்டும் காலியாக இருக்கிறது. ஏரல் பக்கத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் வீட்டுப் பரணில் 1938-க்கு முந்தைய மொய் நோட்டோ கல்யாணப் பத்திரிகையோ இருந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். மாமன் பெயரைச் சொல்கிறேன், அவர் உடன்பிறந்தவளின் பெயர் எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.