மினரல் ஆயில் விஷம், நல்லெண்ணெய் தடவுங்கன்னு சுத்துற மெசேஜ்

நம்மூரு வாட்ஸ்அப் குரூப்ல மறுபடியும் அந்த மெசேஜ் வந்துருச்சு, மினரல் ஆயில் பெட்ரோல் கழிவாம், மரக் கட்டிங் போர்டுல தடவினா விஷமாம், நல்லெண்ணெயே போதுமாம். ரெண்டுமே தப்பு.

கச்சா எண்ணெய்லேர்ந்து வருதுங்கிறது மட்டும் உண்மை. ஆனா ஃபுட் கிரேடு மினரல் ஆயில் நிறமோ வாசனையோ இல்லாத அளவுக்கு சுத்திகரிச்சது, மலச்சிக்கலுக்கு மருந்தா குடிக்கக் குடுக்குறதே இந்த வகைதான், போர்டுல தடவுறது எம்மாத்திரம்? எஞ்சின் ஆயிலோட குழப்பிக்கிட்டு பயமுறுத்துறாங்க.

நல்லெண்ணெய் மரத்துல சரியா இறுகாது, நாளாக நாளாக சிக்கு வாடை எடுக்கும், இங்க இருக்குற புழுக்கத்துல கேக்கவே வேணாம், தொட்டா விரல் பிசுபிசுன்னு ஒட்டும்.

செடியிலேர்ந்து வர்ற எண்ணெய்தான் வேணும்னா சுத்தமான டங் ஆயிலோ (டங் மரத்துக் கொட்டை எண்ணெய்) ஆளி விதை எண்ணெயோ காத்துல இறுகும், ஆனா வாரக்கணக்குல பொறுமை வேணும். ஹார்ட்வேர் கடையில 'பாயில்டு லின்சீட்'னு விக்கிற ஆளி எண்ணெயை எடுக்காதீங்க, சீக்கிரம் காய உலோகச் சேர்மங்கள் சேர்த்திருப்பாங்க. ஆளி எண்ணெய் தொடச்ச துணியைச் சுருட்டி குப்பையில போட்டா தானா சூடேறித் தீப்பிடிக்கலாம், சிங்கப்பூர் எச்டிபி அடுக்குமாடி வீட்ல இது விளையாட்டில்ல, விரிச்சுப் போட்டு காய விடுங்க.

நான் போடுறது 4 பங்கு மினரல் ஆயில், 1 பங்கு தேன்மெழுகு. கொதிக்கிற தண்ணிக்குள்ள பாத்திரத்தை வச்சு உருக்கணும், நேரா அடுப்புல வைக்காதீங்க. தேய்ச்சு ராத்திரி விட்டுட்டு காலையில தொடச்சிருங்க. தண்ணி முத்து முத்தா நிக்காம உள்ள இறங்குச்சுன்னா திரும்பத் தடவுங்க.