பினாங்கில் இறங்கினால் பஸ் ஏறாதீர்கள்

சிங்கப்பூரிலிருந்து உல்லாசக் கப்பலில் பினாங்கு போகிறோம், கப்பலிலேயே விற்கும் பஸ் சுற்றுலாவுக்குப் பணம் கட்டிவிடலாமா என்று இந்த வாரம் மட்டும் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வேண்டாம். பினாங்கில் வேண்டாம்.

ஊர்ப் பெயரை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கிள்ளான் துறைமுகத்தில் இறங்கிக் கோலாலம்பூர் பார்ப்பது வேறு கதை. தூரமும் அதிகம், சாலை நெரிசலை நம்பவும் முடியாது. பாங்காக் என்று சொல்லி லேம் சாபாங்கில் இறக்குவார்கள், அங்கிருந்து நகரம் 100 கிலோமீட்டருக்கும் மேல். அந்த மாதிரி இடங்களில் கப்பல்காரர்களின் பஸ்ஸில் போவதுதான் புத்திசாலித்தனம். அவர்கள் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், நாம் பிடித்த டாக்சி தாமதமானால் காத்திருக்காது. ஆனால் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் கப்பல் ஊரின் வாசற்படியிலேயே வந்து நிற்கிறது. ஸ்வெட்டன்ஹம் முனையத்தை விட்டு வெளியே வந்தால் பக்கத்திலேயே மணிக்கூண்டு. விக்டோரியா ராணி ஆட்சிக்கு வந்து 60 ஆண்டு ஆனதற்காக, ஆண்டுக்கு ஓர் அடி என்று 60 அடி உயரத்துக்குக் கட்டியது. உலகப் போரில் குண்டு விழுந்ததில் லேசாகச் சாய்ந்திருக்கிறது, உற்றுப் பார்த்தால் தெரியும். அதை ஒட்டிக் கார்ன்வாலிஸ் கோட்டை. இன்னும் கொஞ்சம் நடந்தால் குவீன் தெரு மகாமாரியம்மன் கோயில். இவ்வளவு பக்கத்தில் ஊரை வைத்துக்கொண்டு எதற்குப் பஸ்?

முதல் முறை போனபோது எனக்கும் இது தெரியவில்லை. பஸ்ஸில்தான் போனேன். பிஸ்கட் கடை ஒன்றில் முக்கால் மணி நேரம் நிறுத்தினார்கள். ஆர்மீனியன் தெருவுக்குக் கிடைத்தது 20 நிமிடம். 2012இல் எர்னஸ்ட் சக்கரேவிச் வரைந்த, சைக்கிளில் இரண்டு குழந்தைகள் இருக்கும் அந்தச் சுவர் ஓவியத்துக்கு முன்னால் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வருவதற்குள் வழிகாட்டி கொடியைத் தூக்கிவிட்டார். சூலியா தெருவின் நாகூர் தர்காவை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். கண்ணில் பட்டதும் பஸ் திரும்பிவிட்டது. அன்று இரவு கப்பலில் படுத்தபோது, பினாங்கு போய் வந்தேன் என்று யாரிடமாவது சொன்னால் அது உண்மையா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

இரண்டாம் முறை அம்மாவை அழைத்துப் போனேன். அம்மாவின் அப்பா, அதாவது என் தாத்தா, சிறு வயதில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் வந்து இறங்கியவர். 1926இல் கட்டப்பட்டு 1973 வரை ஓடிய கப்பல் அது. நம் வீடுகளில் எத்தனை பேருடைய கதை அந்தக் கப்பலில் தொடங்குகிறது! தாத்தா முதலில் வேலைக்கு நின்றது மார்க்கெட் தெருவில் ஒரு மளிகைக் கடையில். நம்மவர்கள் அதைக் கடைத்தெரு என்றுதான் சொல்வார்கள். அம்மாவுக்கு அந்தத் தெருவில் ஒரு தடவை நடக்க வேண்டும். அதை எந்த பஸ் சுற்றுலாவிடம் போய்க் கேட்பது?

நாளை எப்படிப் பிரித்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன், இதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். தூரத்து இடம் முதலில், டாக்சியில். பக்கத்து இடம் கடைசியில், நடந்து. கப்பலுக்குத் திரும்பும் நேரம் நெருங்கும்போது நாம் கப்பலை நோக்கி நடந்துகொண்டிருக்க வேண்டும், எங்கோ ஒரு மலையடிவாரத்தில் வண்டிக்குக் காத்துக்கொண்டிருக்கக் கூடாது. பினாங்கு மலை ரயில், கெக் லோக் சி பௌத்தக் கோயில், தண்ணீர்மலை முருகன் கோயில் மூன்றையும் ஒரே நாளில் பார்க்க ஆசைப்படாதீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நாங்கள் தண்ணீர்மலை என்று முடிவு செய்தோம். கோயில் மதியம் நடை சாத்துமே என்று காலையில் இறங்கியதும் கிளம்பிவிட்டோம்.

முனைய வாசலில் டாக்சிக்காரர்கள் மணிக்கு இவ்வளவு என்று வாடகை பேசுவார்கள். வயதானவர்கள் கூட இருந்தால் அது தப்பில்லை, ஆனால் ஏறுவதற்கு முன்பே எத்தனை மணி நேரம், எத்தனை வெள்ளி (ரிங்கிட்), எங்கெங்கே என்று பேசி முடித்துவிடுங்கள். நாங்கள் கைப்பேசிச் செயலியில் கிராப் வாடகைக் கார் அழைத்துக்கொண்டோம். வந்தவர் தமிழர். அம்மாவைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "மேல 500க்கு மேல படி இருக்குண்ணே. அம்மா கீழ செட்டியார் கோயில்ல உக்காந்து இருக்கட்டும், நீங்க போய்ட்டு வாங்க" என்றார். அப்படியே செய்தோம். தைப்பூசத்துக்கு ஊருக்குள் பினாங்கு தெருக் கோவில் வீட்டிலிருந்து நகரத்தாரின் வெள்ளி ரதம் வந்து சேர்வது அந்தக் கோயிலுக்குத்தான். நானும் மகளும் மூச்சு வாங்க இறங்கி வந்தபோது அம்மா யாரோ ஒரு பாட்டியுடன் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது துறைமுகத்துக்கு வண்டி பிடிக்கவில்லை. ஊரின் தெற்கே சியூ ஜெட்டியில் இறங்கிக்கொண்டோம். கடலுக்குள் மரக்கால் நட்டுக் கட்டிய வீடுகள், சியூ குலத்தார் இன்றும் குடியிருக்கிறார்கள். தயவுசெய்து வாசலில் எட்டிப் பார்த்துப் படம் எடுக்காதீர்கள், உள்ளே ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். அங்கிருந்து வடக்கே நடை. ஆர்மீனியன் தெரு, அப்புறம் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். 1801இல் தொடங்கிய அந்தப் பள்ளிவாசலை எழுப்பியவர்கள் நம் பக்கத்திலிருந்து போன முஸ்லிம்கள். அதே சாலையில் சீனர்களின் குவான் யின் கோயில், 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். பக்கத்துத் தெருவில் 1833இல் எழுந்த மாரியம்மன். ஊதுபத்தி வாசம் மாறிக்கொண்டே வருவதை நடந்தால்தான் அறிய முடியும்.

வெயில் கொளுத்தும், அஞ்சடியில் நடங்கள். கடைவீட்டு முகப்பில் கூரையோடு விட்ட அந்த நடைபாதை இதற்காகவே கட்டியது. சில இடங்களில் மோட்டார் சைக்கிளும் சரக்கு மூட்டையும் வழியை மறிக்கும், தெருவில் இறங்கி ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். அம்மாவை நடுநடுவே உட்கார வைத்தோம். நாசி கண்டார் கடையில் நன்றாகவே உட்கார்ந்தோம். தோளில் காவடி போலக் கம்பு வைத்து, இரு பக்கமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற தமிழ் முஸ்லிம்களின் சாப்பாடு அது. கண்டார் என்பது அந்தக் கம்புதான். தாத்தாவும் அதைச் சாப்பிட்டிருப்பார் என்றார் அம்மா.

தாத்தாவின் கடை கிடைக்கவில்லை. கதவு எண் யாருக்கும் நினைவில்லை. 2000ஆம் ஆண்டில் பழைய வாடகைக் கட்டுப்பாடு நீங்கிய பிறகு எத்தனையோ குடும்பங்களும் சிறு கடைகளும் நகரின் நடுவிலிருந்து வெளியேறிவிட்டன. 2008இல் ஊர் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததும் கட்டடங்களுக்கு மதிப்பு கூடியது. எஞ்சியிருக்கிற கடைக்காரர்களுக்கு நாம் நடந்து போய் வாங்கும் ஒரு முழம் பூவும் ஒரு டம்ளர் தே தாரிக்கும் (ஆற்றிய பால் தேநீர்) முக்கியம் என்று நான் மனதார நம்புகிறேன். பஸ்ஸில் வருகிறவர்களின் பணம் அந்தத் தெருவுக்குள் வருவதே இல்லை. அம்மா கடைத்தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாக நடந்தார், ஒவ்வொரு பெயர்ப்பலகையையும் வாய்விட்டுப் படித்தபடி. நாங்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. அவசரப்படுத்த யாரும் இல்லாததுதான் அன்று நாங்கள் சம்பாதித்தது.

கப்பல் கிளம்பும் நேரத்தை நம்பாதீர்கள், எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் அதற்கு முன்பே வந்துவிடும். அதைக் கையில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கும் ஒரு மணி நேரம் முன்னதாக மணிக்கூண்டடியில் இருப்பது என்று நாங்கள் பேசி வைத்திருந்தோம், இருந்தோம். "இன்னும் நேரம் இருக்கே, அந்தப் பூக்கடை வரைக்கும் இன்னொரு நடை போய்ட்டு வந்துடலாமா?" என்று அம்மா கேட்டார். போனோம்.