ஆமாம், அந்த வீடியோவில் கத்துவது நான்தான்

கொங்கண் கடற்கரையில் தார்கர்லிக்கு நம் குழு டால்பின் பார்க்கப் போனபோது எடுத்த வீடியோவை இதற்குள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்டதற்கும் கிண்டலடித்ததற்கும்தான் இந்தப் பதில். பம்பாயில் முலுண்டிலிருந்து செம்பூர் வரை ஒரு தமிழ் வாட்ஸ்அப் குழு பாக்கியில்லாமல் சுற்றி வந்துவிட்டது. ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டும் பறக்கும் தலைமுடியுமாக "பந்த் கரோ, இஞ்சின் பந்த் கரோ" (நிறுத்து, இஞ்சினை நிறுத்து) என்று கத்துகிற அம்மணி நானேதான். பின்னணியில் பேய்ப்பட மியூசிக் சேர்த்தவருக்கு நன்றி. நன்றாகவே பொருந்தியிருக்கிறது.

வீடியோ 38 நொடி. அதற்கு முன்னால் இருபது நிமிடம் நடந்தது அதில் இல்லை.

காலை ஏழு மணி. தார்கர்லியை ஒட்டின தேவ்பாக் பக்கம் கடல் எண்ணெய் ஊற்றி வைத்ததுபோல் கிடந்தது. தலைக்கு நானூறு ரூபாய், "டால்பின் நஹீ திகா தோ பைசா வாபஸ்", டால்பின் தெரியாவிட்டால் காசு திருப்பி. முதல் முதுகு தெரிந்ததுமே எங்கள் படகோட்டி போனை எடுத்து மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டார். அது அவர்களுக்குள் இருக்கும் வழக்கம். கொஞ்ச நேரத்தில் ஒன்பது படகு. நடுவில் ஒரு தாயும் அதன் விலாவை ஒட்டியே ஒரு குட்டியும். எழும்பின பக்கமெல்லாம் ஒரு படகு மூக்கைத் திருப்பும், அவை முங்கும், அடுத்து எங்கே வரும் என்று எல்லாரும் கணக்குப் போட்டு அங்கே போய் நிற்பார்கள். நாலாவது தடவை குட்டி மட்டும் தனியாக மேலே வந்தது. தாய் ஒரு படகுக்கு அந்தப் பக்கம். அப்போதுதான் கத்தினேன்.

பார்ப்பது வேறு, துரத்துவது வேறு. நான் சொன்னது இவ்வளவுதான். டால்பின் பார்க்காதே என்று சொல்லவில்லை. நானும் நானூறு ரூபாய் கொடுத்துத்தானே போனேன்?

அது கூன்முதுகு டால்பின். முதுகில் ஒரு திமில், திமிலின் மேல் சின்னதாகத் துடுப்பு. கரையை ஒட்டின ஆழமில்லாத தண்ணீர்தான் அதற்கு வீடு. "பிடிக்கவில்லை என்றால் நடுக்கடலுக்குப் போக வேண்டியதுதானே" என்று கேட்ட அண்ணாச்சிக்கு இதுதான் பதில். போக முடியாது, அண்ணாச்சி. உங்களை உங்கள் சமையலறையிலிருந்து துரத்துவதுபோல. அழியும் ஆபத்தில் இருக்கிற இனம் என்று உலகப் பட்டியலிலும் இருக்கிறது. 1972 வனவிலங்குச் சட்டத்தில் புலி இருக்கிற அதே முதல் அட்டவணையில் டால்பினும் இருக்கிறது. போன வருஷம் இதே கோஷ்டி தடோபா புலிக் காப்பகம் போனபோது புலி வருகிறது என்றதும் பிள்ளைகளின் வாயைப் பொத்தினார்களே! இங்கே என்னடாவென்றால் விசில். தார்கர்லியை அடுத்த மால்வண் கடல் 1987-லிருந்து சரணாலயம். அங்கே சிந்துதுர்க் கோட்டைக்குப் போகிற படகில் ஏறும்போது இதையும் யாராவது சொன்னால் தேவலை.

குட்டி பெரியதைவிட அடிக்கடி மேலே வந்து மூச்சு விட வேண்டும். பால் குடிக்க வேண்டும், தூங்க வேண்டும். சுற்றிலும் ஒன்பது மோட்டார் உறுமினால் எதைச் செய்யும்? அவை சத்தத்தை வைத்தே வழி பார்க்கிற ஜீவன்கள். "ஒருநாள் கூத்துக்கு இவ்வளவா" என்கிறீர்கள். நமக்குத்தான் அது ஒருநாள். அதற்குத் தினமும் காலை ஏழு மணிக்கு ஒன்பது படகு. ஆஸ்திரேலியாவில் ஷார்க் பே என்ற இடத்தில் சுற்றுலாப் படகு இரண்டான பிறகு அந்தப் பகுதியில் டால்பின் குறைந்துபோனதாக 2006-லேயே ஆய்வு வந்தது. இரண்டே இரண்டு. அங்கே திமிங்கிலத்துக்கு நூறு மீட்டர், டால்பினுக்கு ஐம்பது மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். நாம் கையை நீட்டித் தொடலாமா என்று பார்த்தோம்.

சரி, "படகோட்டிகளின் பிழைப்பு என்னாவது" என்று குழுவில் ஒருவர் மடக்கினார். இதை நான் யோசிக்கவில்லை என்றா நினைக்கிறீர்கள்? படகுத்துறையில் இறங்கினதும் எங்கள் படகோட்டி என்னிடம் வந்து, "மேடம், எனக்கும் தெரியும். தூரத்தில் நிறுத்தினால் சவாரி திட்டுது, பக்கத்துப் படகு போகுதே நீ ஏன் போகலேன்னு கேக்குது" என்றார். ஆக, துரத்தச் சொன்னது யார்? பிழைப்பைக் காட்டி என்னை மடக்கின அதே நபர்தான் படகில் "பைசா வாபஸ்" என்று முதலில் கேட்டவர்.

"நீ மீன் தின்பவள்தானே?" ஆமாம். ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் இல்லாமல் எங்கள் வீட்டில் விடியாது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று விளக்கப்போவதில்லை.

"கப்பல் மோதிச் சாகிற திமிங்கிலத்தைப் பற்றிப் பேசேன்" என்று இன்னொருவர். உண்மைதான். இலங்கையில் மிரிஸ்ஸாவுக்குத் தெற்கே நீலத் திமிங்கிலம் இரை தேடும் இடத்தை ஒட்டியே கப்பல் பாதை போகிறது, மோதிச் சாகின்றன. கப்பலை நிறுத்த எனக்கு வழி இல்லை. நான் உட்கார்ந்திருந்த படகை நிறுத்தச் சொல்ல வாய் இருந்தது.

எனக்கு ஏன் இவ்வளவு பொத்துக்கொண்டு வந்தது என்று வீட்டிலும் கேட்டார்கள். அம்மா ஊர் குலசேகரப்பட்டினம் பக்கம். 2016 பொங்கலுக்குப் போயிருந்தேன். அந்த வாரம்தான் மணப்பாடு கரையில் எண்பதுக்கும் மேல் திமிங்கிலங்கள் ஒதுங்கின. மாமா பைக்கில் கூட்டிப் போனார். மீனவர்கள் கயிறு கட்டிப் படகால் கடலுக்குள் இழுத்து விடுகிறார்கள், அவை திரும்பித் திரும்பிக் கரைக்கே வருகின்றன. "ஒண்ணு மாட்டிக்கிட்டா மத்தது விட்டுட்டுப் போகாது, பிள்ளே" என்றார் மாமா. 1973-லும் அதே கடற்கரையில் 147 ஒதுங்கினதாம். ஒன்றின்மேல் கை வைத்தேன். ஊறின ரப்பர் செருப்பு மாதிரி இருந்தது. ஒரு மூச்சு வரும், அடுத்ததற்கு நாம் காத்துக்கொண்டே நிற்போம். ஒரு பையன் சோறு வடிக்கிற குண்டானில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தான்.

பம்பாய் திரும்பின அதே மாதக் கடைசியில் ஜுஹுவில் ஒரு திமிங்கிலம் செத்து ஒதுங்கியது. மராத்தியில் அதற்குத் தேவமாசா என்று பெயர், தெய்வ மீன். அந்தத் தெய்வத்தோடு நின்று ஊரே செல்ஃபி எடுத்துக்கொண்டது.

இதெல்லாம் போகட்டும். கிண்டலை நான் தாங்குவேன். குழுவில் ஒருவர் போட்டிருந்தாரே, "வந்த இடத்துல வாய மூடிட்டு இருக்கணும், நம்ம ஊரா இது" என்று, அதற்கு முப்பத்திரண்டு பேர் கைதட்டல் எமோஜி. நான் இதே பம்பாயில், சயானில் பிறந்தவள். அறுபதுகளின் கடைசியில் தென்னிந்தியர்களை லுங்கிவாலா என்று விரட்டின காலத்தில் அப்பா தாராவியில் ரேஷன் கடைக்குக்கூட வேட்டியை அவிழ்த்துவிட்டு பேன்ட் மாட்டிக்கொண்டு போனார். அவரை வாயை மூடச் சொன்னது வேற்று ஆட்கள். என்னைச் சொன்னவர் பத்து வருஷமாக என் கையால் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டவர். நல்லது.

அடுத்த மாதம் எலிஃபண்டா தீவு டிரிப்புக்கு ஓட்டெடுப்பு ஓடுகிறதாம். கடற்காகத்துக்கு வீச எத்தனை பாக்கெட் சேவ் காட்டியா (நம் ஓமப்பொடி மாதிரி) வாங்கலாம் என்று வேறு விவாதம். லடாக், திபெத் என்று எங்கிருந்தோ குளிருக்கு வந்த பறவைக்கு உப்பும் எண்ணெயும். என்னை எதிர்பார்க்காதீர்கள்.

நானூறு ரூபாய் வீணானதாகச் சொன்னவர்கள் ஜிபே நம்பர் அனுப்புங்கள், போட்டுவிடுகிறேன்.

அப்புறம், மியூசிக் சேர்க்காத ஒரிஜினல் வீடியோ யாரிடமாவது இருந்தால் ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். 31-வது நொடியில் எங்கள் இஞ்சின் நிற்கிறது. நான் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறேன், பின்னால் யாரோ "சே" என்கிறார். அதற்கு நடுவில் இடது பக்கம் ஒரு "புஸ்". உடனே, அதைவிடச் சின்னதாக இன்னொன்று.