தன்மைக்குப் பால் இல்லை

"மாமா, நீங்க சிஸ்" என்றாள் அக்கா மகள். கோயம்புத்தூரில் முதுகலை படிக்கிறவள், சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்திருந்தாள். வாட்ஸ்அப்பில் பெண் பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி 'சிஸ்', 'சிஸ்' என்று கூப்பிட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஐம்பது வயதில் மீசையும் தொப்பையுமாக உட்கார்ந்திருக்கிற தாய்மாமனைத் தங்கச்சி என்கிறாளே என்று முழித்தேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு விளக்கினாள். பிறந்தபோது ஆண் என்று எழுதப்பட்டு, வளர்ந்த பிறகும் தன்னை ஆணாகவே உணர்கிறவர் சிஸ் ஆண். எழுதியதும் உணர்வதும் ஒத்துப்போகாதவர் டிரான்ஸ்.

எனக்குச் சுருக்கென்றது. "நான் ஆம்பள. அவ்வளவுதான். அதுக்கு முன்னாடி எதுக்கு ஒரு அடைமொழி?"

"அப்ப திருநங்கைக்கு மட்டும் எதுக்கு மாமா தனிப் பேரு?"

"அவங்க வேற. நாம சாதாரணமா…" என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"அதான். அந்த 'சாதாரணமா'வுக்குப் பதிலாத்தான் சிஸ்" என்று சொல்லிவிட்டுத் தட்டில் இருந்த கடைசிப் பணியாரத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று ராத்திரி தேடிப் பார்த்தேன். இரண்டும் லத்தீன் முன்னொட்டுகள். சிஸ் என்றால் இந்தப் பக்கம், டிரான்ஸ் என்றால் அந்தப் பக்கம். ஆல்ப்ஸ் மலைக்கு இந்தப் பக்கம் இருந்த 'கால்' (Gaul) என்ற நாட்டையும் அந்தப் பக்கம் இருந்ததையும் ரோமானியர்கள் இப்படித்தான் பிரித்துச் சொன்னார்கள். வேதியியலிலும் இதே கணக்குதான். வனஸ்பதியில் இருக்கிறது என்று டாக்டர் பயமுறுத்தும் டிரான்ஸ் கொழுப்பில் வருவதும் இதே டிரான்ஸ். பாலினம் பற்றிய பேச்சில் சிஸ் என்பது 1990களில் புழக்கத்துக்கு வந்து, 2015ல் ஆக்ஸ்போர்டு அகராதிக்குள் நுழைந்திருக்கிறது.

இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்றதும் எனக்கு வைகைதான் ஞாபகம் வந்தது. மதுரையில் நாங்கள் இருப்பது செல்லூர், வடகரை. மாசி வீதியில் இருக்கிற என் மாமனார் வீட்டில் எங்களை 'ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கவங்க' என்பார்கள். நாங்களும் அவர்கள் வீட்டுக்குக் கிளம்பும்போது 'தென்கரைக்குப் போறோம்' என்று சொன்னதே இல்லை, 'டவுனுக்குப் போறோம்' என்போம். அவர்கள் இருப்பது ஊர், நாங்கள் இருப்பது அக்கரை. தாங்களும் ஒரு கரையில்தான் இருக்கிறோம் என்பது, ஆற்றில் தண்ணீர் வந்து தரைப்பாலம் முழுகும் நாளில்தான் அவர்களுக்கு உறைக்கும். சிஸ் என்ற சொல் எனக்கு ஏன் சுருக்கென்றது என்பது அப்போது புரிந்தது. நான் ஊர் என்று நினைத்துக்கொண்டிருந்ததை அந்தப் பிள்ளை ஒரு கரை என்று சொல்லிவிட்டாள்.

சரி, கரை என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் ஒரு கேள்வி என்னை விடவில்லை. என்னைப் போன்ற பலருக்கு உள்ளே இருந்தும் வெளியே கேட்கக் கூச்சப்படுகிற கேள்வி அது. 'நான் ஆண்' என்று எனக்குள் ஏதாவது உணர்வு இருக்கிறதா? மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு யோசித்தேன். மீசை இருக்கிறது, உடம்பு இருக்கிறது, ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் என்று போட்டிருக்கிறது. எல்லாம் வெளியே இருப்பவை. கண்ணை மூடித் தேடினால் உள்ளே பசி, கடன், முட்டிவலி எல்லாம் கிடைத்தன. ஆண் என்று ஒரு உணர்வு மட்டும் அகப்படவில்லை. எனக்கே இல்லாத ஒன்று இன்னொருவருக்கு மட்டும் எப்படி இருக்கும்? இதைக் கிண்டலாகக் கேட்கிறவர்கள் உண்டு. நான் நிஜமாகவே கேட்டேன்.

பதில் என் வீட்டு முன்னறையில் கிடைத்தது. அங்கேதான் என் மனைவி தையல் மெஷின் போட்டிருக்கிறார். ஜாக்கெட்தான் பெரும்பாலும். போன ஐப்பசியில் ஒரு திருநங்கை வந்தார். முப்பது வயது இருக்கும். தோழி கல்யாணத்துக்கு என்று பட்டுப்புடவையிலிருந்து வெட்டிய ஜாக்கெட் துணியோடு நின்றார்.

"அளவு ஜாக்கெட் கொண்டாந்திருக்கியாம்மா?" என்று வழக்கம்போலக் கேட்டார் மனைவி.

"இல்லக்கா. இதுவரைக்கும் ரெடிமேடுதான். ரெண்டு கடையில அளவெடுக்க மாட்டேன்னுட்டாங்க."

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. திரையை இழுத்துவிட்டு டேப்பை எடுத்தார். தோள், மார்பு, இடுப்பு, கை இறக்கம், கைச்சுற்று, முன்கழுத்து, பின்கழுத்து என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, திரைக்கு இந்தப் பக்கம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த நான்தான் நோட்டில் எழுதினேன். "தோள் கொஞ்சம் அகலம்மா. பின்கழுத்தை இறக்கி வெட்டுனா நல்லா விழும். நீச்சலுக்குப் போற பிள்ளை ஒண்ணு இருக்கு, அதுக்கும் இப்படித்தான் தைச்சேன்." அவ்வளவுதான் பேச்சு.

ஒரு வாரம் கழித்துப் போட்டுப் பார்க்க வந்தார். ஊக்கு மாட்டிக்கொண்டு பீரோ கண்ணாடி முன்னால் நின்றார். நான் அறைக்கு வெளியே நின்றபடி ஏதோ பெரிய வசனம் வரும், கண்ணீர் வரும் என்று எதிர்பார்த்தேன். (தமிழ் வாத்தியாரின் கெட்ட பழக்கம் இது.) "கை லூசா இருக்குக்கா. அரை இஞ்ச் பிடிங்க" என்றார். மனைவி சிரித்துவிட்டார். பத்தொன்பது வருசமாக வந்து போகிற எல்லாரும் சொல்லும் அதே குறை.

கையைப் பிடித்து முடிக்கும்வரை டீ குடித்துக்கொண்டிருந்தபோது, நான் சும்மா இருக்க முடியாமல் எல்லாரும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டேன். "எப்பம்மா உனக்குத் தெரிஞ்சது?"

"வீட்டுல இருக்கும்போது ஒண்ணும் தெரியல சார். நான் நான்தான். பள்ளிக்கூடத்துலதான். வாத்தியார் என்னைக் காட்டி 'இவன்'னு சொல்லும்போதெல்லாம், பின்னாடி யாரோ நிக்கிறாங்க போலன்னு திரும்பிப் பாப்பேன்."

நான் டீ டம்ளரை வைத்தே விட்டேன். இருபத்தாறு வருசமாக வகுப்பில் நான் நடத்திக்கொண்டிருக்கிற பாடம் அது. தன்மை, முன்னிலை, படர்க்கை. நான் வந்தேன், நீ வந்தாய். இவற்றில் ஆண் எங்கே, பெண் எங்கே? இல்லை. அவன் வந்தான், அவள் வந்தாள் என்று படர்க்கைக்குப் போகும்போதுதான் பால் விகுதி வந்து ஒட்டுகிறது. இந்தியில் 'நான் போகிறேன்' என்று சொல்வதற்குக்கூட ஆணுக்கு ஒரு வினை, பெண்ணுக்கு ஒரு வினை. தமிழில் ஒரு மனுசர் தன்னைப் பற்றிச் சாகும்வரை பேசலாம், பால் தெரியாது. அடுத்தவர் அவரைப் பற்றிப் பேச வாயைத் திறந்தால்தான் தெரியும்.

மொட்டைமாடியில் நான் தேடியது ஏன் கிடைக்கவில்லை என்பதும் இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். நான் தன்மையில் தேடினேன். என்னைப் படர்க்கையில் யார் எப்போது 'அவன்' என்றாலும் அது என்மேல் சரியாக வந்து உட்கார்ந்தது, ஒரு முறைகூட நான் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்தத் திரும்பிப் பார்க்காத சௌகரியத்துக்குப் பெயர்தான் சிஸ் போலிருக்கிறது. அதை உள்ளே தேடினால் எப்படிக் கிடைக்கும்?

அப்புறம் மரியாதை. 'அவர்' என்றால் ஆணா பெண்ணா தெரியாது. எங்கள் அப்பத்தா 'அவுக வந்தாக' என்று சொன்னால் வந்தது தாத்தாவா, தாத்தாவின் அக்காவா என்று வாசலுக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். ஆளுக்கு மரியாதை ஏறினால் பால் மறைந்துவிடும், நெருக்கம் ஏறினால் பால் வந்துவிடும். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் பெயருக்கும் தெய்வத்தைக் குறிக்கும் பெயருக்கும் தனி விகுதி கிடையாது, உயர்திணை விகுதிகளையே பெறும் என்று ஒரே நூற்பாவில் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறார். நன்னூலில் இன்னும் ஒரு படி போய், பெண்மையை விட்டு ஆண்மையை 'அவாவுவ' ஆண்பால், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவினால் பெண்பால் என்கிறார் பவணந்தி. உடம்பைச் சொல்லவில்லை, அவாவைச் சொல்கிறார். இதோடு நிறுத்தினால் கைதட்டு கிடைக்கும். ஆனால் அடுத்த வரியிலேயே இவர்களை அஃறிணை போலவும் சொல்லலாம் என்று சேர்த்துவிட்டார் மனுசர். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மரபைப் பற்றி எனக்கு இதே கணக்குதான். திருவிழாவில் ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரம் நடக்கும், கடைசியில் மோகினி. 'அழகர் மோகினியா வந்துட்டாரு' என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். கோலம் பெண், வினைமுற்று 'வந்துட்டாரு'. யாருக்கும் உறுத்தாது. இதை வைத்து நம் மரபு எவ்வளவு தாராளம் பாருங்கள் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அங்கே கன்னத்தில் போட்டுக்கொண்ட கையே, வாடகைக்கு வீடு கேட்டு வரும் திருநங்கையிடம் 'வீடு காலி இல்ல' என்று கதவைச் சாத்தும்.

ஆசிரியர் அறையில் இதைப் பேசியபோது சக ஆசிரியர் ஒருவர் மடக்கினார். "சொன்னா ஆயிருமா? நாளைக்கு நான் கலெக்டர்னு சொல்றேன், ஒத்துக்குவியா?" நல்ல கேள்விதான். கலெக்டர் என்பது அரசாங்கம் ஆணை போட்டுக் கொடுப்பது. நான் ஆண் என்பதற்கு ஆணை போட்டது யார்? ஒரு நர்ஸ், ஒரு பார்வை, பதிவேட்டில் ஒரு கோடு. அதை யாரும் என்னிடம் திருப்பிக் கேட்டதில்லை. உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15ல், தன் பாலினத்தைத் தானே முடிவு செய்வது ஒருவரின் உரிமை, அறுவை சிகிச்சையைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சொன்னது. 2019ல் வந்த சட்டமோ, அதற்கு மாவட்ட ஆட்சியரிடம் சான்றிதழ் வாங்கு என்றது. ஆக, என் நண்பர் கலெக்டர் ஆக முடியாது, ஆனால் திருநங்கைதான் என்று சொல்லக் கலெக்டர் வேண்டும்.

அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் டாலியா மே பெட்சர் சொல்வது எனக்குக் கொஞ்சம் பிடிபடுகிறது. தன்னைப் பற்றி ஒருவர் சொல்வது ஏன் செல்லுபடியாக வேண்டும்? அவருக்குத் தன்னைப் பற்றி எல்லாம் தவறில்லாமல் தெரியும் என்பதால் இல்லை, அதைச் சொல்லும் உரிமை அவருடையது என்பதால். நம் வீட்டுக் கணக்கில் சொன்னால், 'இந்த மாப்பிள்ளை எனக்கு வேண்டாம்' என்கிற பெண்ணிடம், 'இல்ல, உனக்குப் பிடிச்சிருக்கு, எங்களுக்குத் தெரியும்' என்று சொல்கிற சித்தப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் ஊகம் சரியாகவே இருந்தாலும் அதைச் சொல்ல அவர் யார்? இதை வைத்துப் பெண் என்றால் என்ன என்ற கேள்வி தீராது. உடம்புதான் எல்லாம் என்கிற தத்துவக்காரர்களும் இருக்கிறார்கள். உடம்பு பொய் என்று நானும் சொல்ல மாட்டேன், டேப் வைத்து அளக்கிற வீடு இது. ஆனால் முப்பத்தாறு இஞ்ச் என்று இரண்டு பேருக்கு ஒரே அளவு வந்தாலும் ஒருத்தி ஜாக்கெட் இன்னொருத்திக்குச் சேராது என்பதும் இதே வீட்டில் தெரிந்துகொண்டதுதான்.

நம் ஊர் உலகனேரியில் இருக்கிற உயர் நீதிமன்றக் கிளையிலிருந்து 2019 ஏப்ரல் 22ல் வந்த தீர்ப்பு எனக்கு ஒரு இலக்கணத் தீர்ப்பாகவே படுகிறது. தூத்துக்குடியில் கோயிலில் கல்யாணம் செய்துகொண்ட ஒரு ஆணுக்கும் திருநங்கைக்கும் பதிவு செய்ய மறுத்த வழக்கு. இந்துத் திருமணச் சட்டம் 1955ல் எழுதியது, அதில் இருக்கிற மணமகள் என்ற சொல்லுக்கு என்றைக்கும் மாறாத ஒரே பொருள் கிடையாது, திருநங்கையும் மணமகள்தான் என்றார் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன். இருபால் உடற்கூறோடு பிறக்கும் குழந்தைகளை அறுத்து ஒரு பக்கம் தள்ளிவிடும் அறுவை சிகிச்சைகளைத் தடுக்கவும் அதே தீர்ப்பில் சொன்னார். அந்த வருசம் ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அதற்கு ஆணையும் போட்டது. பதிவேட்டில் கோடு போட அவசரப்படும் நர்ஸின் கையை ஒரு நிமிசம் பிடித்து நிறுத்தியதுபோல இருந்தது எனக்கு.

இவ்வளவையும் எழுதி மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். பாதி படித்துவிட்டு, "என்ன, அந்தப் பிள்ளைக்கு இத்தனை 'அவர்' போட்டு வச்சிருக்கீங்க? அவ என்ன கலெக்டரா?" என்றார்.

"மரியாதையா இருக்கட்டுமேன்னு."

"அவளுக்கு அதா வேணும்? முதல் தடவை 'வா, போ'ன்னு பேசுனப்பதான் அவ மூஞ்சியே தெளிஞ்சுது. நீங்க பாக்கல."

நான் பார்க்கவில்லைதான். திரைக்கு இந்தப் பக்கம் இருந்தேன். போன வெள்ளிக்கிழமை அவள் மறுபடி வந்தாள், இந்தத் தடவை ஒரு சுங்குடிப் புடவைக்கு. மனைவி சோறு வடித்துக்கொண்டிருந்ததால் நான்தான் வாங்கி வைத்தேன். துணிப்பைக்குள் ஜாக்கெட் துணி, அதற்கு மேல் நாலாக மடித்த அந்த ஐப்பசி மாசத்துப் பட்டு ஜாக்கெட். "அளவு இதுதான் சார். கை மட்டும் அக்காவை இன்னும் கால் இஞ்ச் பிடிக்கச் சொல்லுங்க" என்றாள்.