ரோடுதான் மைதானம்

ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் விழாச் சைக்கிள் பந்தயத்தில் நடந்ததை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். நேரில் பார்க்காதவர்களுக்கும் அந்த ரீல் இந்நேரம் வந்து சேர்ந்திருக்கும். அதனால் முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. எழுதக் கூடாது, எழுதக் கூடாது என்று மூன்று நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். இன்று காலை அந்த வீடியோவுக்குக் கீழே ஒருவர் போட்டிருந்த கருத்தைப் படித்த பிறகு முடியவில்லை. "பந்தயம்னா விழத்தான் செய்வாங்க. இதுக்குப் போய் ஒப்பாரியா?" அதற்கு நூற்றுச் சொச்சம் லைக். அதில் ஒன்று என்னோடு ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன் போட்டது.

பந்தயம் என்றால் விழுவார்கள்தான். வளைவில் மண் கிடந்தால் விழுவார்கள். செயின் கழன்றால் விழுவார்கள். முன்னால் போகிறவனின் பின்சக்கரத்தில் தன் முன்சக்கரம் உரசினால் விழுவார்கள். அதெல்லாம் பந்தயத்தோடு சேர்ந்தது, அதற்கு யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை நடந்தது அது இல்லை. ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு பைக்கில் ஒருவன் பையன்களுக்கு நடுவே புகுந்தான். பதினாறு வயதுப் பையனின் ஹேண்டில்பாரில் பைக்கின் கண்ணாடி தட்டியது. அவன் விழவில்லை. அவனைத் தள்ளிவிட்டார்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். சாலைப் பந்தயத்தில் ரோடுதான் மைதானம். கபடி நடக்கும்போது கோட்டுக்குள் போய் நின்று படம் எடுப்பீர்களா? கிரிக்கெட் ஆடும்போது பிட்ச் மேல் வண்டி ஓட்டுவீர்களா? மாட்டீர்கள். சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தால் மதிக்கிறோம். தார் ரோட்டில் கோடு இல்லை என்பதால் அது நம் ரோடாகிவிடுகிறது. அந்த அரை மணி நேரம் அது நம் ரோடு இல்லை. அந்தப் பையன்களின் மைதானம்.

சைக்கிள் பந்தயம் ஓட்டாதவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. கூட்டமாகப் போகும்போது பின்னால் போகிறவனுக்கு ரோடு தெரியாது. முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்துக்கொண்டு போவான், அவன் முதுகுக்குப் பின்னால் காற்று அடிக்காது, அங்கே ஒட்டிக்கொண்டு போனால் கால் வலி நிறையக் குறையும். அதனால் சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண், இரண்டு சாண்தான் விடுவார்கள். கண்ணுக்குத் தெரிவது முன்னால் இருப்பவனின் முதுகும் அவன் பின்சக்கரமும் மட்டும். பிரேக் பிடித்தால் பின்னால் வருகிறவன் மேலே ஏறிவிடுவான். இந்த நிலைமையில் ஒரு பைக் குறுக்கே வந்தால் அவன் என்ன செய்வான்? ஒன்றும் செய்ய முடியாது. "பார்த்து ஓட்டியிருக்கலாமே" என்று எழுதியிருக்கும் அண்ணாச்சிகளுக்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

பையனை அக்கா வீட்டுக்குக் கொண்டு வந்தபோது நானும் இருந்தேன். திண்ணையில் காலை நீட்டி உட்கார வைத்தோம். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் அளவுக்குத் தோல் இல்லை. சிராய்ப்புக்குள் பொடி ஜல்லி பதிந்து கறுப்புக் கறுப்பாகத் தெரிந்தது. அக்கா பழைய வேட்டித் துணியைக் கிழித்து வெந்நீரில் நனைத்து ஒவ்வொரு கல்லாக ஒற்றி எடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் பையன் பல்லைக் கடித்தான், சத்தம் போடவில்லை. எடுத்த கற்களை அவள் ஒரு எவர்சில்வர் டபராவில் போட்டாள். பதினேழு கல். நான் எண்ணினேன். எதற்கு எண்ணினேன் என்று தெரியவில்லை, ஆனால் எண்ணினேன். ரத்தம் ஆத்தங்குடிக் கல்லில் சொட்டிய இடத்தை அக்கா பிறகு மூன்று தடவை துடைத்தாள்.

இது நம் ஊரில் மட்டும் நடக்கிறது என்று சொல்லவில்லை. உலகத்தின் பெரிய பந்தயங்களிலேயே நடக்கிறது. பிரான்ஸில் மூன்று வாரம் நடக்கும் சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸின் 2021 முதல் நாளை எத்தனை பேர் பார்த்தீர்கள்? பிரெஸ்ட் ஊரிலிருந்து லாந்தெர்னோ வரை. ஒரு பெண் தாத்தா பாட்டிக்கு வாழ்த்து எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு டிவி கேமராவைப் பார்த்து நிற்கிறார். வீரர்கள் வரும் பக்கம் முதுகு. அட்டை டோனி மார்ட்டின் மேல் பட்டது. நான்கு முறை உலகச் சாம்பியனான மனிதர். அவர் விழ, பின்னால் வந்த பல பேர் ஒருவர் மேல் ஒருவராகச் சரிந்தார்கள். ஒருவர் அன்றே பந்தயத்தை விட்டு வெளியேறினார். ஒரு அட்டை, அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்குக் கெட்ட எண்ணமே இல்லை. இருந்தும் நீதிமன்றம் 1,200 யூரோ அபராதம் போட்டது. வீரர்களின் சங்கம் நஷ்ட ஈடாகக் கேட்டது ஒரே ஒரு யூரோ. எனக்கு அந்த ஒரு யூரோ ரொம்பப் பிடித்தது. பணம் வேண்டாம், தப்பு என்று ஒத்துக்கொண்டால் போதும் என்கிறார்கள். நாங்களும் அதைத்தான் கேட்கிறோம்.

1975இல் எடி மெர்க்ஸை புய் டி டோம் மலை ஏற்றத்தில் பார்வையாளர் ஒருவர் வயிற்றில் குத்தினார். ஐந்து தடவை டூர் ஜெயித்த மனிதர், அந்த வருஷம் தோற்றார். 1999இல் ஆல்ப் டியூஸ் மலையில், ஜெயிக்கப் போகிற இத்தாலிய வீரர் குவெரினிக்கு முன்னால் போட்டோ எடுக்க ஒருவன் நடு ரோட்டில் நின்றான். அவர் மோதி விழுந்து, எழுந்து, அப்புறமும் ஜெயித்தார். 2025 ஏப்ரலில் பாரிஸ்-ரூபே பந்தயத்தில் நெதர்லாந்து வீரர் வான் டெர் பூல் முகத்தில் தண்ணீர் பாட்டிலை வீசினார்கள். கல் பாவிய ரோட்டில் அந்த வேகத்தில் போகிறவன் மேல்! அவரும் ஜெயித்தார். ஜெயித்துவிட்டால் உடனே நாம் மறந்துவிடுகிறோம். "அதான் ஒன்னும் ஆகலையே" என்கிறோம். நம் பையன் ஜெயிக்கவில்லை. அவன் எத்தனையாவதாக வந்தான் என்று அந்த ரீல் போட்டவனுக்குத் தெரியுமா? வரவே இல்லை.

இனி நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும்.

"கூட்டம் இல்லாவிட்டால் பந்தயம் எதற்கு? மக்கள் ரசிக்கத்தானே வருகிறார்கள்?" சரி. நானும் அந்தக் கூட்டத்தில் வளர்ந்தவன்தான். சைக்கிள் பந்தயத்துக்கு டிக்கெட் கிடையாது, காலரி கிடையாது, வாசல்படியில் நின்றே பார்க்கலாம். டூரிலும் அப்படித்தான், முடிவுக் கோட்டுப் பக்கம் மாதிரி சில இடங்களில்தான் இரும்புத் தடுப்பு, மற்ற இடமெல்லாம் ரோட்டோரப் புல்லில் நாற்காலி போட்டு உட்கார்கிறார்கள். இவ்வளவு கிட்டத்தில் வேறு எந்த விளையாட்டையும் பார்க்க முடியாது. அந்தக் கிட்டம் நமக்குக் கொடுத்த மரியாதை. ரோட்டோரம் நில்லுங்கள், கத்துங்கள், விசில் அடியுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். இறங்காதீர்கள். மாட்டுவண்டிப் பந்தயத்தில் பைக்கை முடுக்கிக்கொண்டு வண்டியோடு விரட்டிப் போகிற பழக்கம் நம் பக்கம் இருக்கிறது, அதே பழக்கம்தான் இங்கேயும் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அதுவே ஆபத்து. மாட்டுக்காவது பல ஆள் எடை, நுகத்தடி, சாரதி என்று இருக்கிறது. சைக்கிளில் போகிறவனுக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு பனியன்தான் இருக்கிறது.

"போலீஸ் போதாது, செலவு ஆகும்" என்பதற்கு நான் பதில் சொல்லவே போவதில்லை. மைக் செட்டுக்குச் செலவு செய்தோம். ஜல்லிக்கட்டுக்கு இரட்டைத் தடுப்பு கட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது, கட்டுகிறோம். பையன்கள் ஓட்டுகிற பந்தயத்துக்கு ஒரு கயிறு கட்ட முடியாதா?

மூன்றாவது கேள்விதான் என்னை மூன்று நாளாகத் தூங்க விடவில்லை. தம்பி ஒருவர் இன்பாக்ஸில் கேட்டார். "அப்போ மாட்ரிட்ல பாலஸ்தீனத்துக்காக ரோட்டுல இறங்குனாங்களே, அதுவும் தப்பா அண்ணே?" நியாயமான கேள்வி. 2025 செப்டம்பரில் ஸ்பெயினின் வுவெல்டா பந்தயத்தில் நடந்தது. இஸ்ரேல் பெயர் தாங்கிய அணி ஓட்டியதால் போராட்டம். பில்பாவோவில் முடிவுக் கோடு வரை போகவிடாமல் மூன்று கிலோமீட்டருக்கு முன்பே நேரத்தை எடுத்துக்கொண்டு, அன்றைக்கு வெற்றியாளர் இல்லை என்று அறிவித்தார்கள். கடைசி நாள் மாட்ரிட்டில் லட்சம் பேருக்கு மேல் திரண்டார்கள், பந்தயம் பாதியில் நின்றது. வெற்றி பெற்ற விங்கேகோர் ஒரு ஓட்டல் பார்க்கிங்கில் ஐஸ் பெட்டி மேல் ஏறி நின்று கோப்பை வாங்கினார்.

காசாவில் செத்த குழந்தைகளின் படங்களைப் பார்த்து அழாதவன் நான் இல்லை. அந்தப் போராட்டத்தின் நியாயத்தை நான் மறுக்கவே இல்லை, அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1982இல் பிரான்ஸில் தெனான் ஊரில் இரும்பாலைத் தொழிலாளர்கள் ரோட்டை மறித்தார்கள். அன்றைய அணிப் பந்தயமே ரத்தானது. அவர்களை நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். "இன்றைக்கு விட மாட்டோம்" என்று முன்னாலேயே வந்து நின்று மறித்தவர்கள். அதில் யார் முழங்காலும் கிழியாது. ஆனால் ஓடி வருகிற கூட்டத்துக்குக் குறுக்கே பாய்வது வேறு. அதே வுவெல்டாவில் பெத்திலி என்ற இத்தாலிய வீரர் போராட்டக்காரர்கள் ரோட்டுக்கு வந்ததால் விழுந்தார். அவர் எழுதியது இதுதான்: நிலைமை சரியில்லை என்று புரிகிறது, ஆனால் நாங்கள் வெறும் சைக்கிள்காரர்கள். பின்னொரு நாள் ரோமோ என்ற ஸ்பெயின் வீரர் அதே மாதிரி விழுந்து, இரண்டு நாள் கழித்துப் பந்தயத்தை விட்டே போனார். அவர்கள் யாருக்கு எதிரி? 2018 டூரில் விவசாயிகள் வைக்கோல் கட்டு போட்டு மறித்தபோது போலீஸ் அடித்த கண்ணீர்ப் புகை வீரர்கள் கண்ணுக்குள் போனது. அங்கே விவசாயியைத் திட்டுவதா, போலீஸைத் திட்டுவதா? எனக்கு முழுப் பதில் இல்லை, தம்பி. ஆனால் லட்சம் பேர் ஒரு நியாயத்துக்காக இறங்கியதை, லைக்குக்காக ஒருவன் பைக்கில் இறங்கியதோடு சேர்த்துக் கேட்காதீர்கள். அது அந்த லட்சம் பேரைக் கேவலப்படுத்துவது.

"உன் அக்கா மகன் என்பதால்தானே இவ்வளவு துள்ளுகிறாய்?" என்று இன்னொருவர். ஆமாம். அக்கா மகன்தான். ஆனால் என் பக்கத்தில் பழைய பதிவுகளைக் கொஞ்சம் கீழே தள்ளிப் பாருங்கள், 2021இல் அந்த அட்டைக்காரப் பெண்ணைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். டோனி மார்ட்டின் எனக்கு அக்கா மகன் இல்லை.

சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தது இங்கே பலருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் பால்ரஸ் குண்டுகளைக் கழுவி, கிரீஸ் தடவி, ஒவ்வொன்றாக ஹப்புக்குள் வைப்பார். ஒன்று குறைந்தாலும் சக்கரம் பேசும் என்பார். 1993இல் நான் பந்தயம் ஓட்டப்போகிறேன் என்றதும் கடையில் இருந்ததிலேயே நல்ல வண்டியைப் பிரித்துப் பூட்டிக் கொடுத்தார். கடைசி நூறு மீட்டரில் இரண்டு பக்கமும் ஜனம் நெருக்கி, நடுவில் இரண்டு கை அகலம்தான் வழி. நான் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தேன். சொந்தக்காரர் ஒருவர் செம்பில் தண்ணீரோடு உள்ளே ஓடி வந்தார். பாசம்தான், வேறொன்றும் இல்லை. செம்பு ஹேண்டில்பாரில் பட்டது. என் இடது முழங்கை இன்றும் முழுசாக நீளாது. பஸ்ஸில் மேல் கம்பியை வலது கையால்தான் பிடிப்பேன்.

அப்பா அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொந்தக்காரர், பெரியவர், பாசத்தில் செய்தது. அடுத்த வாரம் அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு வந்தார். நான் கையில் மாவுக்கட்டோடு பந்தியில் உட்கார்ந்திருந்தேன். அந்த மனிதர் எனக்கு இலை போட்டார், கையைப் பற்றி அவரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கு வலித்தது கை இல்லை. முப்பது வருஷம் ஆயிற்று, இன்னும் ஆறவில்லை.

அதனால்தான் இந்தத் தடவை கேட்கிறேன். விழாக் கமிட்டியில் என் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், லைக் போட்டவன் என் பெஞ்ச் சிநேகிதன், எல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன். முன்னால் ஒரு வண்டி, பின்னால் ஒரு வண்டி, அதற்கு நடுவே வேறு எந்த வண்டியும் கூடாது. கடைசி இருநூறு மீட்டருக்குக் கயிறு. முக்குக்கு முக்கு விசிலோடு ஒரு ஆள். ஆள் இல்லை என்றால் நான் நிற்கிறேன்.

பைக்கில் வந்த தம்பி இதைப் படிப்பான் என்று தெரியும். நீ யார் என்று எனக்குத் தெரியும், இங்கே எழுத மாட்டேன். போலீஸுக்கும் போகவில்லை. அந்த ரீலை எடுத்துவிட்டு ஒரு நாள் சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வா. அவன் திண்ணையில்தான் காலை நீட்டி உட்கார்ந்திருப்பான். அந்த டபராவை அக்கா இன்னும் கழுவவில்லை.