ரயோலைட் ஒரே இரவில் காலியான ஊரா?

அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் உள்ள ரயோலைட் நகரம் சாபத்தால் ஒரே இரவில் காலியானது என்று, இடிந்த வங்கிக் கட்டடப் படத்துடன் ஒரு பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

1904-இல் தங்கம் கிடைத்து, அடுத்த ஆண்டே முளைத்த ஊர் அது. 1907 நிதி நெருக்கடியில் முதலீடு வற்றியது. ஆயிரக்கணக்கில் இருந்த மக்கள், 1910 கணக்கெடுப்பில் 675 பேர்தான். முக்கியச் சுரங்கமான மான்ட்கோமரி ஷோஷோன் 1911-இல் மூடப்பட்டது. 1916-இல் மின்சாரமும் போனது. ஒரே இரவாம்!

வெறும் சுவர்கள் நிற்பதற்கும் பேய் காரணமல்ல. மரத்துக்குத் திண்டாடிய இடம். டாம் கெல்லி என்பவர் காலி பாட்டில்களை அடுக்கியே அங்கே வீடு கட்டினார். அதனால் ஊர் நொடித்ததும் மரம், தகரம் எல்லாவற்றையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். சுரங்கத் தொழிலாளர் சங்கக் கட்டடம் பக்கத்து ஊரான பீட்டிக்குப் போய் நகர மன்றமானது.